எவன்ஸ் கேம்பிட்டை விடவா, வைத்திருக்கவா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஒரு தம்பி. பதினாறு வயது, பாடசாலை செஸ் அணியில் மூன்றாம் பலகை. வெள்ளைக் காய் கிடைத்தால் எவன்ஸ் கேம்பிட்தான் ஆடுகிறாராம், தான் ஆடிய இரண்டு ஆட்டத்தையும் அனுப்பியிருக்கிறார். கேம்பிட் என்றால் ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து ஆடுகிற முறை. "முதல் பத்து நகர்த்தல் நல்லாப் போகுது அண்ணா, பதினைஞ்சாவதுல தாக்குதல் நின்று போகுது, முப்பதாவதுல ஒரு சிப்பாய் குறைவில தோற்கிறன். எங்கட சேர் இதை விட்டுட்டு லண்டன் சிஸ்டம் ஆடச் சொல்றார். விடவா? கறுப்புக்கும் ஏதாவது கேம்பிட் இருக்கா?" இதுதான் கேள்வி. லண்டன் சிஸ்டம் என்பது வெள்ளைக்கு அமைதியான ஒரு தொடக்க முறை.

விட வேண்டாம். ஆனால் சேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கு, அதையும் சொல்கிறேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக நகர்த்தல்களை ஒருமுறை எழுதிவிடுகிறேன். எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை, காயின் பெயர் சொல்லாவிட்டால் நகர்வது சிப்பாய். ஈ4 ஈ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 பிஷப் சி5. இதுவரை சாதாரண இத்தாலியன் ஆட்டம். நாலாவது நகர்த்தலில் வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயைக் கறுப்பு பிஷப்பின் வாய்க்குள்ளேயே தள்ளுகிறது. பிஷப் அதைச் சாப்பிட்டால் சி3 என்று அதைத் துரத்துவோம், அது எங்கேயாவது ஓட வேண்டும், அடுத்தது டி4. வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கப்பல் கப்டன் 1820களில் கண்டுபிடித்த யோசனை இது. கேம்பிட் என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கால் என்ற சொல்லில் இருந்து வந்தது. மல்யுத்தத்தில் எதிராளியின் காலைத் தட்டி விழுத்துகிற பிடிக்கு அந்தப் பெயர், அதை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். கால் தட்டி விழுத்துவது என்றதும் எல்லோருக்கும் உடனே வீழ்ச்சி ஞாபகம் வருகிறது, பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தச் சிப்பாயைக் கொடுத்து நீங்கள் வாங்குவது என்ன? மேட் (ராசாவை மடக்கி வெல்வது) இல்லை. நேரம். கறுப்பு பிஷப் சி5க்கு வந்தது ஒரு நகர்த்தல், பி4இல் சாப்பிட்டது இரண்டாவது, ஏ5க்கு ஓடுவது மூன்றாவது. ஆறாவது நகர்த்தலுக்கு முன்னே ஒரே காய் மூன்று தரம் நகர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் நீங்கள் சி3 போட்டுவிட்டீர்கள், டி4 வரப்போகிறது, நடுப்பலகை உங்கள் கையில். ஒரு சிப்பாயின் விலைக்கு இரண்டு நகர்த்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஏன் கணக்காகச் சொல்கிறேன் என்றால், வாங்கிய நேரத்தை எதில் செலவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும். நீங்கள் அனுப்பிய இரண்டு ஆட்டத்திலும் நீங்கள் அதை ஒரே காயை அங்கும் இங்கும் நகர்த்துவதில் செலவு செய்திருக்கிறீர்கள். முதல் ஆட்டத்தில் ராணி பி3, ராணி ஏ3, மறுபடி ராணி பி3. இரண்டாவதில் குதிரையை ஜி5க்கு அனுப்பி, எச்6 வந்ததும் எஃப்3க்கே கூட்டி வந்திருக்கிறீர்கள். சிப்பாயைக் கொடுத்து வாங்கிய இரண்டு நகர்த்தலும் அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு நீங்கள் ஆடியது வெறும் சிப்பாய் குறைந்த இத்தாலியன்.

இன்னொன்று. இரண்டு ஆட்டத்திலும் பதினைந்தாவது நகர்த்தலில் உங்கள் ஏ1 கோட்டை ஏ1இலேயே நிற்கிறது. பி1 குதிரையும் பி1இலேயே.

மட்டக்களப்புக்கு வந்தால் கல்லடிப் பாலத்தடியில் விடியற்காலையில் வீச்சுவலை எறிகிறவரை ஒருமுறை நின்று பாருங்கள். வலை தண்ணீரில் வட்டமாக விழ வேண்டும், ஓரத்தில் கோர்த்த ஈயக் குண்டெல்லாம் அடியில் போய்க் குந்த வேண்டும், அதுவரைக்கும் அந்த மனுசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நிற்பார். பிறகுதான் மெல்ல மெல்ல இழுப்பார். புதிதாகப் பழகுகிற பொடியன் வலை பாதி விரியும்போதே இழுத்துவிடுவான், ஒரு பக்கத்தால் மீனெல்லாம் போய்விடும். ராணியும் ஒரு பிஷப்பும் மட்டும் முன்னுக்குப் போய் எஃப்7ஐக் குத்துவது அப்படிப் பாதி விரிந்த வலைதான். எஃப்7 கட்டத்தை ஆரம்பத்தில் ராசா மட்டும்தான் காக்கிறது, உண்மை. ஆனால் இரண்டு காய் சேர்ந்து குத்தினால் எதிராளி இரண்டு காயால் அடைத்துவிடுவார். நாலு காய் வந்தால் அடைக்க ஆளிருக்காது.

இதற்கு நல்ல உதாரணம் உலக சம்பியன் கஸ்பரோவ் 1995இல் லாட்வியாவின் ரீகாவில் ஆனந்துக்கு எதிராக ஆடிய எவன்ஸ். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் அநேகமாக இதைத் தொடுவதில்லை, தாத்தா காலத்து ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதே வருசம் இரண்டு பேரும் நியூயோர்க்கில் உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறார்கள், அதுக்குச் சில மாதங்களுக்கு முன் இது. ஆனந்த் சிப்பாயைச் சாப்பிட்டார், சி3 வந்ததும் பிஷப்பை ஈ7க்கு இழுத்தார். டி4. ஆனந்த் குதிரையை ஏ5க்குக் கொண்டுவந்து சி4 பிஷப்பைத் தாக்கினார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயைச் சாப்பிடலாம், கொடுத்த சிப்பாய் உடனே கைக்கு வரும். பழைய ஆட்களில் பலர் அதைத்தான் ஆடினார்கள். ஆனால் கறுப்பு சி4 பிஷப்பை வாங்கிவிட்டு டி5 போட்டால் மூச்சு வந்துவிடும், தாக்குதல் அங்கேயே முடிந்தது. கஸ்பரோவ் என்ன செய்தார்? பிஷப்பை ஈ2க்குப் பின்வாங்கினார். ஒரு சிப்பாயைக் கொடுத்தவர், சண்டை பிடிக்க வந்தவர், ஏழாவது நகர்த்தலில் பிஷப்பை ராசாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். பிறகு ராணியால் டி4ஐ எடுத்து, ஈ5 தள்ளி, ராணியை எச்4 வழியாக ஜி3க்குக் கொண்டுவந்து ஜி7ஐப் பார்க்க வைத்தார். ஆனந்த் ஜி6 போட வேண்டி வந்தது, ராசாவைச் சுற்றிக் கறுப்புக் கட்டங்களெல்லாம் ஓட்டையாகிப் போனது. 25 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. நான் அந்த ஆட்டத்தை முதல்முதலாகப் பார்த்தபோது அந்த பிஷப் ஈ2ஐ அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

சரி, இனி உங்களுக்கு நடப்பது. இதைச் சொல்ல என்னுடைய ஒரு தோல்வியை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இருபது வயது இருக்கும், அம்பாறைப் பக்கம் ஒரு போட்டி, கல்முனையால் பஸ் பிடித்து வேர்த்து ஒழுகிப்போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் சுற்றில் எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா, சேர்ட் பையில் வெற்றிலைப் பொட்டலம். நான் பி4 போட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சாப்பிட்டார். சி3, பிஷப் ஏ5. நான் காஸ்லிங் (ராசாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராசாவைப் பாதுகாப்பது) செய்தேன், அவர் டி6. நான் டி4, அவர் பிஷப்பை பி6க்கு இழுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிப்பாயைத் திருப்பி எடுக்கலாம் என்று தெரிந்தது, எடுத்தேன்: டி சிப்பாயால் ஈ5, அவர் டி சிப்பாயால் ஈ5, ராணிக்கு ராணி மாற்றம், குதிரையால் ஈ5. கொடுத்தது திரும்ப வந்துவிட்டது, கணக்குச் சமம். அவர் பிஷப்பை ஈ6க்கு வைத்தார். அப்போதுதான் பலகையைப் பார்க்கிறேன்: ராணி இல்லை, தாக்குதல் இல்லை, ஏ2இல் ஒரு தனிச் சிப்பாய், சி3இல் ஒரு தனிச் சிப்பாய், இரண்டுக்கும் துணைக்கு ஆளில்லை. ஐயாவின் மூன்று சிப்பாய்கள் ஏ7, பி7, சி7 என்று மதில் மாதிரி வரிசையாக நிற்கின்றன. எனக்குக் கோபம் வந்துவிட்டது, தாக்குதல் ஆடத்தானே வந்தேன் என்று ஜி4, எச்4 என்று சிப்பாய்களைத் தள்ளினேன். ஐயா சி3ஐயும் ஏ2ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்கி எடுத்தார். கைகொடுத்துவிட்டு வெளியில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "மனே, நீ தந்ததை நான் திருப்பித் தந்துட்டன். பிறகு ஏன் கோவிச்சுக்கொண்டு ஆடினாய்?"

இருபது வருசத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி எனக்கு மறக்கவில்லை. அவர் ஆடியதற்கு லாஸ்கர் தடுப்பு என்று பெயர். உலக சம்பியன் எமானுவேல் லாஸ்கரின் பெயர். அதற்குப் பிறகு எவன்ஸ் பழைய செல்வாக்குக்கு வரவே இல்லை. எனக்கு அன்றைக்கு அது தெரியாது. தெரிந்த ஆள் ஆறாவது நகர்த்தலில் காஸ்லிங் செய்யாமல் முதலில் டி4 போடுவார். கறுப்பு டி6 போட்டால் ராணி பி3, எஃப்7க்கு மிரட்டல், கறுப்பு ராணி டி7க்கு வந்து காக்க வேண்டும், ராணி மாற்றம் அவ்வளவு லேசில் நடக்காது. கறுப்பு டி6 போடாமல் டி4 சிப்பாயைச் சாப்பிட்டால்தான் காஸ்லிங். ஒரு நகர்த்தலின் ஒழுங்கு மாறினால் இவ்வளவு வித்தியாசம். நீங்கள் அனுப்பிய முதல் ஆட்டத்தில் முதலில் காஸ்லிங்தான், எதிராளிக்கு லாஸ்கர் வழி தெரியாததால் தப்பினீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஈ4 ஈ5 என்று தொடங்குகிற கேம்பிட்களுக்குப் பெரும்பாலும் மருந்து ஒன்றுதான்: டி5. எவன்ஸில் ஆறாவதில் டி4, கறுப்பு சாப்பிட, காஸ்லிங், அப்போது கறுப்பு ஜி8 குதிரையை ஈ7க்குக் கொண்டுவந்து அடுத்த நகர்த்தலிலேயே டி5 என்று சிப்பாயைத் திருப்பிக் கொடுக்கும். இதே மாதிரிச் சிப்பாய் கொடுக்கிற வேறு தொடக்கங்களிலும் இதுதான். கிங்ஸ் கேம்பிட்டில் (ஈ4 ஈ5, எஃப்4) டி5 உண்டு. வியன்னா கேம்பிட்டில் எஃப்4க்குச் சரியான பதில் டி5, சாப்பிட்டால் ஈ5 வந்து எஃப்6 குதிரை வந்த வழியே ஜி8க்குத் திரும்ப வேண்டியதுதான். டேனிஷ் கேம்பிட்டில் இரண்டு சிப்பாயைச் சாப்பிட்டுவிட்டு டி5 போட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து ராணியையும் மாற்றிவிடலாம். தெரிந்த ஆள் உங்கள் சிப்பாயை வைத்துக்கொண்டு மூச்சுத் திணற மாட்டார், தேவையான நேரத்தில் கையைத் திறந்து கொடுத்துவிடுவார். ஆகவே நீங்கள் பலகையில் பார்க்க வேண்டியது டி5 வருமா வராதா என்பதைத்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் கேளுங்கள்: கறுப்பு இப்போது டி5 போட்டால் என்ன நடக்கும்? போட்டுவிட்டால் ஆட்டம் சமம் என்று ஏற்றுக்கொண்டு ஆடுங்கள். சமமான நிலையில் வெள்ளைக் காயோடு இருப்பது ஒன்றும் அவமானம் இல்லை.

மறுபக்கம், பேராசைக்காரன் எதிரே இருந்தால் நல்ல விருந்து. காஸ்லிங் முடிந்ததும் சி3 சிப்பாயையும் சாப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது ராணி பி3, எஃப்7க்கு அடி. கறுப்பு ராணி எஃப்6க்கு வரும், ஈ5 போட்டுத் துரத்தினால் ஜி6க்குப் போகும், பிறகு உங்கள் குதிரை சி3ஐ எடுத்துக்கொண்டு வெளியே வரும். கணக்குப் பார்த்தால் நீங்கள் இரண்டு சிப்பாய் குறைவு. ஆனால் பலகையைப் பாருங்கள், கறுப்பு ராசா நடுவில், இரண்டு கோட்டையும் வீட்டில், உங்கள் காய்கள் எல்லாவற்றுக்கும் வழி திறந்து கிடக்கு. இங்கே பலருக்குத் தட்டுப்படாத ஒன்று சி1 பிஷப். பி சிப்பாய் போனதால் அதற்கு ஏ3 கிடைத்துவிட்டது. டி6இலும் ஈ7இலும் காய் எதுவும் மறிக்காவிட்டால் ஏ3இல் இருந்து அது எஃப்8 வரைக்கும் பார்க்கும், கறுப்பு ராசாப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது. கொடுத்த சிப்பாய்க்குள்ளேயே இந்த வழியும் சேர்ந்து வருகிறது, உங்கள் ஆட்டம் இரண்டிலும் இந்த பிஷப் ஏ3க்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

எதிராளி பி4 சிப்பாயைச் சாப்பிடாமல் பிஷப்பை பி6க்கு இழுத்தால்? ஏ4 போடுங்கள். அவர் கவனிக்காமல் விட்டால் ஏ5 வந்து பிஷப்புக்கு நல்ல இடமே இருக்காது, பெரும்பாலும் ஏ6 போடுவார், ஆட்டம் அமைதியாகப் போகும். பி5 தள்ளி ஈ5 சிப்பாயைப் பறிக்க ஓடுவதை நான் விரும்புவதில்லை, கறுப்புக்குத்தான் அதில் சந்தோசம். மூன்றாவதில் பிஷப்புக்குப் பதில் குதிரை எஃப்6 வந்தால் எவன்ஸ் கிடையாது. அப்போது டி4 போட்டு, சாப்பிட்டதும் காஸ்லிங் செய்து ஆடுவது உங்கள் குணத்துக்குப் பொருந்தும். கறுப்புக் குதிரை ஈ4ஐச் சாப்பிட்டால் கோட்டை ஈ1, டி5, பிஷப் டி5ஐ எடுக்க ராணி எடுக்கும், குதிரை சி3. அந்தக் குதிரை ராணியையும் ஈ4 குதிரையையும் ஒன்றாகப் பார்க்கும். முதல் தடவை பார்க்கிற ஆளுக்கு நல்ல அதிர்ச்சி.

இனி சேரின் பக்கம். லண்டன் சிஸ்டம் ஆடினால் ஒரே மாதிரி நிலைகள்தான் திரும்பத் திரும்ப வரும், தவறு குறையும், அணிக்கு அரைப் புள்ளியாவது கிடைக்கும். அணியைக் கொண்டுபோகிற ஆள் அப்படி யோசிப்பது நியாயம்தான். பதினாறு வயதில் அதை மட்டும் ஆடினால் காய்களை வெளியே கொண்டுவரும் வேகம், திறந்த கோடு, ராசாவின் பாதுகாப்பு இதெல்லாம் உடம்பில் ஏறாது என்பது என் கருத்து. கிங்ஸ் கேம்பிட்டின் கதை தெரியுமா? 1960இல் ஆர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கியிடம் அதில் தோற்ற அமெரிக்கர் ஃபிஷர், அடுத்த வருசமே அது தோற்ற ஆட்டம் என்று கட்டுரை எழுதினார். அப்புறம் 1963-64 அமெரிக்க சம்பியன்ஷிப்பில் அதையே தானும் வெள்ளையில் ஆடி வென்றார், அந்தப் போட்டியில் 11க்கு 11 எடுத்தார். கணினிக்குக் கிங்ஸ் கேம்பிட் பிடிக்காது, உண்மைதான். ஆனால் உங்கள் எதிரே இருப்பது கணினி இல்லை, சம்மாந்துறையிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருந்து வந்த இன்னொரு பொடியன், அவனுக்கும் கடிகாரம் ஓடுகிறது. நேரம் குறைந்த போட்டியில் காக்கிற ஆளுக்குத்தான் கஷ்டம். நேரம் நிறைய உள்ள போட்டியில், அதுவும் எதிராளி புத்தகம் படிக்கிற ஆள் என்று தெரிந்தால், அன்றைக்கு மட்டும் பி4 போடாமல் சாதாரண இத்தாலியன் ஆடுங்கள். அதற்கு நீங்கள் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை, முதல் மூன்று நகர்த்தலும் ஒன்றுதான்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கிழமை எவன்ஸைக் கறுப்பில் மட்டும் ஆடுங்கள். நண்பனை வெள்ளைக்கு விடுங்கள். சிப்பாயைச் சாப்பிட்டுவிட்டு எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது, எந்த இடத்தில் அப்பாடா என்று இருக்கிறது என்று கொப்பியில் குறியுங்கள். அதோடு ராணி மாறிய பிறகு வருகிற அந்த லாஸ்கர் நிலையை வெள்ளையில் ஐந்து தரமாவது கடைசிவரை ஆடிப் பாருங்கள், தோற்றாலும் பரவாயில்லை. மற்றது, இரண்டாவது காயைப் பலி கொடுக்க முன் ஏ1 கோட்டையைப் பாருங்கள். அது இன்னும் அங்கேயே நின்றால் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக்குக் கேம்பிட் கேட்டீர்கள். ஈ4க்கு எதிராக இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஈ5 போட்டு ஒழுங்காக ஆடுங்கள். டி4க்கு எதிராகப் பென்கோ கேம்பிட்டைப் பாருங்கள்: டி4 குதிரை எஃப்6, சி4 சி5, டி5 பி5, சாப்பிட்டால் ஏ6. ஒரு சிப்பாயைக் கொடுத்து ஏ, பி இரண்டு கோட்டுப் பாதையும் உங்கள் கோட்டைகளுக்குத் திறந்துவிடும், பிஷப் ஜி7இல் இருந்து நீளமாகப் பார்க்கும். மேட் மிரட்டல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ராணிகள் மாறிப் போன பிறகும் வெள்ளையின் ஏ2, பி2 சிப்பாய்கள் தலை தூக்க முடியாமல் கிடக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது நகர்த்தல் வரைக்கும் நெருக்கலாம். அவசரப்படுகிற ஆளுக்கு அது ஒத்துவராது, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.